தலைப்பட்டைக்குக் கீழே பத்து வரி

பிள்ளைப்பாக்கம் மரகதம் காலையில் டீ வண்டி தள்ளுவாள், சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுப்பாள். இரண்டில் எது கஷ்டம் என்று கேட்டால், "டீதான். பாடம் ஆறிப்போனா திரும்ப சூடு பண்ணத் தேவையில்ல" என்பாள். வயது நாற்பத்து நான்கு, படிப்பு பிளஸ் டூ. குடும்பத்து நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபிறகு, அங்கே எழும்பிய கம்பெனி ஒன்றிலேயே கேன்டீன் வேலைக்குச் சேர்ந்து, தலையில் வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு லைன் லைனாக டீ ஊற்றுகிறவள். அவள் டீயைக் குறை சொன்னவர்கள் உண்டு. அவள் பாடத்தைக் குறை சொல்ல இன்னும் ஒருத்தன் பிறக்கவில்லை என்று அவள் புருஷன் நாகப்பனே ஒத்துக்கொள்வான். படப்பைக்கும் ஒரகடத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் அவ்வளவு சுலபமாக யாரையும் புகழ்ந்துவிட மாட்டான்.

பாடம் நடக்கிற இடம் ஒரு கார் ஷெட். நிலம் விற்ற காசில் மூன்று மாடிக்கு வாடகை ரூம் கட்டிய அண்ணாதுரை, கீழே தன் கார் நிறுத்த இடம் விட்டிருந்தார். கார் டிராவல்ஸுக்கு ஓடிவிட்டு ஐந்தரை மணிக்குத்தான் திரும்பும். அதுவரை அது பள்ளிக்கூடம். ஹாரன் அடித்தால் வகுப்பு முடிந்தது, பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். படிக்க வருகிறவர்கள் ஒன்பது பெண்கள். எல்லோருமே சுற்றுவட்டாரக் கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங். பேர்தான் அப்படி, வேலை என்னவோ குனிந்து தரை துடைப்பதுதான்.

அவர்களுக்கு மரகதம் அணில், ஆடு எல்லாம் சொல்லித் தரவில்லை. "நாப்பது வயசுப் பொம்பளைக்கு ஆடுன்னு படிச்சு இன்னா ஆவப்போவுது? அவ மேய்ச்ச ஆட்ட அவளுக்கே காட்டறதா?" என்பாள். அவள் வகுப்பில் முதல் சொல் 'ஆபத்து'. அடுத்து 'தொடாதே'. கம்பெனிச் சுவரெல்லாம் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், படிக்கத் தெரியாதவள் அதைத் துடைத்துவிட்டுப் போகிறாள், அப்புறம் சூப்பர்வைசர் அதையே காட்டித் திட்டுகிறான். இந்த அநியாயத்தை டீ வண்டியோடு நின்று பார்த்துப் பார்த்துத்தான் அவளுக்கு வாத்தியார் புத்தியே வந்தது. கெமிக்கல் ஸ்டோர் வாசலில் டீ ஊற்றும்போது டிரம்களில் என்ன எழுதியிருக்கிறது என்று ஸ்டோர்காரர்களை நச்சரித்துக் கேட்டு, அதைப் பத்து வரியாக்கி, போனில் ஒற்றை விரலால் பதினோரு நாள் தட்டினாள். ஒரு பக்கத்துக்கு ஒரே வரி, எழுத்து கட்டைவிரல் உயரம். மூடியைத் திறந்து வைக்காதே. முகர்ந்து பார்க்காதே. தண்ணீர் ஊற்றாதே. கடைசிப் பக்கத்தில், தெரியாவிட்டால் தொடாதே. நாற்பது தாண்டிய கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரிய வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தது அது.

நல்ல மனுஷி. அவள் செய்த ஒரே பாவம், போனில் ஒரு குழுவில் சேர்ந்தது.

'ஒளிச்சுடர் வயதுவந்தோர் கல்வியாளர் குழு' என்று பெயர். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். நிறுவனர், ஒருங்கிணைப்பாளர், அட்மின் என்று மூன்று நாற்காலியிலும் ஒரே ஆள், மறைமலை நகர் பகலவன். முன்னே படப்பைப் பக்கம் மனை விற்றுக்கொண்டிருந்தவர், இப்போது அறிவைப் பகிர்கிறார். விடியற்காலை ஐந்து மணிக்குப் பனித்துளி ரோஜாவோடு காலை வணக்கம் விழும். அதற்கு இருநூறு பேர் பதில் வணக்கம். பிறகு பிறந்தநாள் வாழ்த்து. பிறகு சான்றிதழ். பாடம் போட்டவருக்குச் 'சிறந்த பகிர்வாளர்', அதற்குக் கட்டைவிரல் காட்டியவருக்குச் 'சிறந்த ஊக்குவிப்பாளர்'. இத்தனை பேரில் நிஜமாகவே மாணவர் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று மரகதம் ஒருமுறை வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டாள். குழுவில் அரை நாள் மூச்சுப் பேச்சில்லை. அப்புறம் ஒருவர் ரோஜாப்பூ போட்டார்.

அவள் தன் பத்து வரியை அங்கேதான் போட்டாள். ஓசூரிலோ திருப்பூரிலோ தன்னைப் போல ஒருத்தி இருந்தால் உதவட்டுமே என்ற எண்ணம்தான். கைதட்டல் பொம்மைகள் கொட்டின. பகலவன் அதைத் 'திறந்த களஞ்சியம்' என்ற இணையப் பெட்டியில் ஏற்றிவிட்டு, குழுவின் சட்டத்தையும் நினைவூட்டினார். எந்தப் பாடத்தை யார் யாருக்கு அனுப்பினாலும், அனுப்புகிறவர் தன் பெயர், பொறுப்பு, படம், செல் நம்பரைத் தலைப்பட்டையாக மேலே சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். "பேர் இல்லாத பாடம் அப்பன் இல்லாத பிள்ளை" என்று குரல்பதிவில் விளக்கினார். அப்படிப் பார்த்தால் மரகதத்தின் பிள்ளைக்கு வாரத்துக்கு ஒரு அப்பன் சேர்ந்துகொண்டிருந்தான். பெற்றவள் பெயரை மட்டும் யாரும் போடவில்லை. அவளுக்கும் அது உறைக்கவில்லை. பாடம் ஊர் சுற்றுகிறதே என்ற சந்தோஷத்தில் இருந்தாள்.

அந்த நேரத்தில்தான் நாச்சியாருக்கு ஒரு வழி திறந்தது.

நாச்சியார் அந்த ஒன்பது பேரில் ஒருத்தி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. மரகதம் வேலை பார்க்கும் கம்பெனியிலேயே ஹவுஸ்கீப்பிங், அண்ணாதுரை மாடியில் ஒரு ரூமில் நாலு பேரோடு குடியிருப்பு. நாற்பத்தொரு வயதில் முட்டி இரண்டும் போய்விட்டன. காலையில் குனிந்தால் சாயங்காலம்தான் நிமிர்வாள். கெமிக்கல் ஸ்டோரில் உதவியாள் இடம் ஒன்று காலியானது. நின்றபடி, உட்கார்ந்தபடி செய்கிற வேலை. ஆனால் ஸ்டோருக்குள் போகிற யாரும் வாசலில் உள்ள தமிழ் எச்சரிக்கையை சேஃப்டி ஆபீசர் முன்னால் படித்துக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது கம்பெனி ரூல். பரீட்சை அடுத்த வியாழக்கிழமை, காலை பத்து மணி. இது தவறினால் அவளுக்குத் துடைப்பம்தான், அதுவும் முட்டி தாங்குகிற வரைக்கும்தான். அப்புறம் ஊருக்கு பஸ் ஏற வேண்டும். ஊரில் அவளுக்காகக் காத்திருப்பது கடன்காரர்கள் மட்டும்தான்.

"யக்கா, ஒம்ம அந்தப் பத்து வரியப் படிச்சிட்டா எனக்குப் போதும். எப்படியாச்சும் பழக்கி உட்டுருங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அட, அதுக்கின்னா, நாளைக்கே பிரின்ட் எடுத்துக்கினு வரேன்" என்றாள் மரகதம்.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால், பத்து வரி போனில் இல்லை. போன மாதம் இடமில்லை, இடமில்லை என்று போன் கதறியபோது எதை அழிக்கலாம் என்று பார்த்திருக்கிறாள். பனித்துளி ரோஜாக்கள் மட்டும் நாலாயிரம். ஒவ்வொன்றாக அழிக்க விரல் வலித்தது. பாடம்தான் களஞ்சியத்தில் பத்திரமாக இருக்கிறதே, இங்கே எதற்கு என்று அதை அழித்துவிட்டாள். நாலாயிரம் ரோஜாவைக் காப்பாற்றிவிட்டு சொந்தப் பாடத்தைக் குப்பையில் போட்ட மகராசி! பெரிய குழுவில் இருக்கிறவர்களுக்குத்தான் இந்தப் புத்தி வரும்.

சரி, களஞ்சியம் இருக்கிறதே என்று போனாள். 'இந்தக் கோப்பைக் காண அனுமதி கோருக' என்றது. குழுவில் கேட்டாள். பகலவனிடமிருந்து குரல்பதிவு வந்தது.

"சகோதரி, களஞ்சியம் திறந்திருந்ததால கண்டவங்களும் உள்ள வந்து எடுத்துட்டுப் போறாங்க. அதனால பாதுகாப்புக் கருதிப் பூட்டியிருக்கோம். படிவத்தை நிரப்புங்க, குழு பரிசீலிக்கும்."

திறந்த களஞ்சியத்தைத் திறந்துவிட்டார்கள் என்று பூட்டிவிட்டாராம். இதற்குக் கீழேயும் எண்பது பேர் கைதட்டியிருந்தார்கள்.

"ஐயா, அது நான் எழுதின பாடம்" என்று மரகதம் தட்டினாள்.

"பகிர்ந்த பிறகு நான், எனது என்பது இல்லை சகோதரி. அதுதான் நம் குழுவின் தத்துவம்" என்று பதில் வந்தது, அவருடைய பெயர், படம், செல் நம்பரோடு.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியே பூசாரியிடம் மனு எழுதிக்கொண்டு நின்றது. படிவத்தில் இருபத்து மூன்று கேள்விகள். கடைசிக் கேள்வி: 'இப்பாடத்தை உருவாக்கியவரின் உழைப்பை எவ்வாறு போற்றுவீர்கள்? நூறு சொற்களில் எழுதுக.' மரகதம் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு நூறு சொல் எழுதினாள். வெட்கமாக இருந்தது, ஆனாலும் எழுதினாள், நாச்சியாருக்காக. இரண்டு நாள் கழித்து நன்றி வீடியோ ஒன்று அனுப்பச் சொன்னார்கள். கேன்டீன் வலைத்தொப்பியோடு நின்று, "பகலவன் ஐயா அவர்களுக்கு நன்றி" என்று அதையும் சொன்னாள். மறுநாள் பாடம் வந்தது. வியாழக்கிழமைக்கு நாலே நாள் பாக்கி.

படப்பை ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்தாள். கடைக்காரர் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாக்கா, எலெக்சனா? யாரு நிக்கறாங்க?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தாளின் மேலே ஆறு தலைகள். பகலவன் எல்லோரையும்விடப் பெரிதாக, கன்னத்தில் கைவைத்துச் சிந்தித்தபடி. ஒவ்வொருவருக்கும் பட்டம், பொறுப்பு, செல் நம்பர். இத்தனை பேர் ஏறி உட்கார்ந்தால் பாடம் எங்கே போகும்? பத்துப் பக்கத்தையும் ஒரே பக்கமாக நசுக்கி அடியில் தள்ளியிருந்தார்கள். கட்டைவிரல் உயர எழுத்து கடுகளவு ஆகியிருந்தது.

கார் ஷெட்டில் அதைக் கொடுத்தபோது ஒன்பது பெண்களும் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் படித்தார்கள். "ப... க... ல... வ... ன்" என்று நாச்சியார் எழுத்துக் கூட்டி முடித்து, பெருமையாக நிமிர்ந்தாள். "யக்கா, இது என்ன கெமிக்கலு?"

மரகதத்துக்கு வந்த ஆத்திரத்தில் தாள்களைப் பிடுங்கிச் சுருட்டி எறிந்தாள். வீட்டுக்குப் போய் நாகப்பன் முன்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். "அந்தப் பொம்பள வாழ்க்க என் கையில கீதுய்யா. நான் இந்தப் பாவிங்களுக்கு வீடியோ போட்டுக்கினு கெடந்தேன்."

நாகப்பன் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டான்: "பத்து வரிதானே? நீ எழுதினதுதானே? மண்டையில இல்லியா?"

"இருக்குது."

"அப்ப சாக்பீஸ எடுத்து எழுதேன்டி. கைக்கு இன்னா கேடு?"

ஆறு நாளாக மரகதம் அனுமதி கேட்டு அலைந்தது தன் நாக்கு நுனியில் இருந்த பத்து வரிக்கு. ஒருமுறை இணையத்தில் ஏறிவிட்டால் அங்கிருந்து இறங்குவதுதான் பாடம், மண்டைக்குள் இருப்பது வெறும் ஞாபகம் என்று அந்தக் குழு அவளையே நம்பவைத்திருந்தது. அவளைவிடப் படித்தவர்களும் இப்படித்தான் இருக்கிறார்கள், அதைச் சொல்லி என்ன பயன்.

மறுநாள் கார் ஷெட் தரை முழுக்க சாக்பீஸால் எழுதினாள். ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழம். நாச்சியார் முட்டி வலியோடு எழுத்தின் மேலேயே நடந்து நடந்து படித்தாள். ஐந்தரைக்குக் கார் வந்து எல்லாவற்றையும் சக்கரத்தால் தேய்த்துவிட்டு நின்றது. அடுத்த நாள் திரும்ப எழுதினாள், வரிசையை மாற்றி. கடைசி நாள் நாச்சியார் தடுக்காமல் படித்தாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மரகதம் டீ வண்டியைக் கெமிக்கல் ஸ்டோர் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். அந்த நேரத்துக்கு அவள் போக வேண்டியது பெயின்ட் ஷாப். அங்கே டீ இல்லாமல் திட்டிக்கொண்டிருப்பார்கள், திட்டட்டும்.

ஸ்டோர் வாசலில் நாச்சியார் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். சேஃப்டி ஆபீசர் ஸ்ரீதர், கல்யாணம்கூட ஆகாத பையன், கையில் கிளிப்போர்டோடு வந்தான். கதவில் புதுசாக லேமினேஷன் பளபளவென்று மின்னியது. "ஆடிட் வருதுன்னு நேத்துதான் ஒட்டினேன். ஃபார்வர்டுல ஃப்ரீயா வந்துது, சூப்பர் பாடம்" என்று பெருமைப்பட்டுக்கொண்டான்.

மரகதம் நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய பத்து வரிதான். ஆனால் மேலே இப்போது ஒன்பது தலைகள்.

"மேலருந்து படிங்கம்மா, ஒண்ணு விடாம" என்றான் ஸ்ரீதர், கிளிப்போர்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாச்சியார் சொன்னபடி கேட்கிறவள். விரலை வைத்து ஆரம்பித்தாள். "நி-று-வ-னர்... பகலவன். மா-நி-லப் பொ-றுப்-பாளர்... கண்ணப்பன். மண்டல... ஊக்-கு-விப்-பாளர்... கொம்பையா. செல், ஒன்பது எட்டு நாலு..."

"அதெல்லாம் எதுக்கு? கீழ, கீழ படிங்க."

நாச்சியார் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், கண்ணைச் சுருக்கினாள், மூக்கு கதவில் இடிக்கிற வரைக்கும் போனாள். "கீழ ஏதோ எறும்பு ஊருத மாதிரி கெடக்கு சார். எழுத்தா பூச்சியான்னு தெரியலியே."

ஸ்ரீதர் அலட்சியமாகக் குனிந்தான். பிறகு போன் டார்ச்சை அடித்துக் குனிந்தான். இருபத்தாறு வயதுக் கண்ணுக்கும் மூன்றாவது வரி பிடிபடவில்லை.

"சார், ஒரு சந்தேகம்" என்றாள் நாச்சியார் பணிவாக. "தீப்பிடிச்சா இந்தப் பகலவனுக்குத்தான் போன் போடணுமா? நம்பர்தான பெருசா போட்டுருக்கு."

ஸ்ரீதருக்குக் காது சிவந்தது. சேஃப்டி ஆபீசருக்கென்று ஒரு பழக்கம் உண்டு, எச்சரிக்கைப் பலகையில் எந்த நம்பர் இருந்தாலும் அதை அடித்துப் பார்த்துவிட வேண்டும். அடித்தான், ஸ்பீக்கரில் போட்டான், "கேளுங்க" என்று நாச்சியாரிடம் நீட்டினான்.

"ஐயா, கெமிக்கல் ஸ்டோர்லருந்து பேசுதேன். இங்க தீப்பிடிச்சா என்ன செய்யணும்?"

"வணக்கம்" என்றது பகலவனின் குரல். "குழு உறுப்பினரா நீங்க?"

"இல்லீங்க. தீயப் பத்தி..."

"முதல்ல லிங்க்ல சேருங்க. படிவம் வரும். எந்த மாவட்டம்?"

"காஞ்சிபுரங்க. தீ..."

"மாவட்டத்துக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர் இருக்காரும்மா. அவர் மூலமா வாங்க. நான் இப்ப இணையக் கூட்டத்துல இருக்கேன்." போன் அணைந்தது.

ஸ்டோர் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஸ்ரீதரும் சிரித்துவிட்டான். நாச்சியார் சிரிக்கவில்லை. அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. "சார், சிரிச்சது போதும். எனக்கு வேலை உண்டா இல்லியா, அதச் சொல்லுங்க."

"என்னத்த வச்சும்மா பரீட்சை பண்றது? பலகையே படிக்கற மாதிரி இல்லியே. அடுத்த மாசம் பார்ப்போம்" என்றான் ஸ்ரீதர்.

அடுத்த மாதம் வரைக்கும் அந்த முட்டி தாங்காது என்று மரகதத்துக்குத் தெரியும். டீ வண்டியை விட்டுவிட்டுப் போனாள், கதவிலிருந்து லேமினேஷனைப் பர்ரென்று கிழித்தாள். ஸ்ரீதர் "ஏய், ஏய்!" என்றான். அவள் அவன் பாக்கெட்டிலிருந்த மார்க்கரை உருவிக்கொண்டு, அட்டையை வெள்ளைப் பக்கமாகத் திருப்பி, டீ வண்டி மேல் வைத்து எழுதினாள். எழுதியதைக் கதவில் சாய்த்துப் பிடித்தாள்.

"இப்ப படி."

நாச்சியார் தள்ளி நின்றே படித்தாள். "தண்ணீர் ஊற்றாதே. கையுறை போடு. முகர்ந்து பார்க்காதே." வரி வரியாகப் பத்தும் வந்தது.

"மனப்பாடம் பண்ணிட்டு வந்திருப்பாங்க" என்றான் ஸ்ரீதர்.

"இன்னும் ஒரு வரி கீது சார், இருங்க" என்றாள் மரகதம்.

நாச்சியார் பதினோராவது வரியில் நின்றாள். அது அவள் எந்தத் தரையிலும் நடக்காத வரி. உதடு அசைந்தது. "ஆ... ஆ-பீ... ஆபீசர் டீ... ஆ-று-து... சீக்-கிரம்... கை-யெ-ழு..." கூட்டிக்கொண்டே வந்தவள் சட்டென்று ஸ்ரீதரைப் பார்த்தாள். "ஆபீசர், டீ ஆறுது, சீக்கிரம் கையெழுத்துப் போடு! யக்கா, சாரைப் போயி 'போடு'ங்கீயளே!"

ஸ்ரீதர் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தான், கிளிப்போர்டில் கையெழுத்துப் போட்டான். "திங்கக்கெழம ஸ்டோருக்கு வந்துடுங்க. துடைப்பத்த அங்கயே குடுத்துட்டு வாங்க."

நாச்சியார் மரகதத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். மரகதத்தின் வலைத்தொப்பி கழன்று தோளில் விழுந்தது. அதை எடுத்து மாட்டக்கூடத் தோன்றாமல் அவளும் அழுதாள்.

"பதினோராவது வரிய அழிச்சிட்டு இதையே மாட்டிடலாம், ஆடிட்டுக்கு" என்றான் ஸ்ரீதர். அட்டையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தான். "ஆமா, இது யார் எழுதின பாடம்?"

"நான்தான் சார். மொத எழுத்துலருந்து."

"அப்படியா? அப்ப மேல உங்க பேரைப் போடுங்கக்கா, இந்தாங்க மார்க்கர்."

மரகதம் மார்க்கரை வாங்கினாள், அட்டையைப் பார்த்தாள், மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"வேணாம் சார். பேரப் போட்டா எழுத்தச் சின்னதாக்கணும்."